இடது கண்ணின் கட்டம்

தெருமுனையில் பேருந்து வந்து திரும்பும் இடத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் பக்கவாட்டுச் சுவரில் ஒரு ஜன்னல் கிடையாது, ஒரு கம்பி கிடையாது, மேலிருந்து கீழ்வரை வெறும் சிமெண்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்தத் தெரு வருத்தப்பட்டிருக்கிறது, சாக்கடை வழிகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறது. சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று வருத்தப்படுவதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒருத்தன் வர வேண்டியிருந்தது.

வந்தவன் ஓவியன். இளவயது, முழங்காலில் கிழிந்த கால்சட்டை, யார் எதைச் சொன்னாலும் நெஞ்சில் கைவைத்துக் கேட்கிற பழக்கம். நகரசபையும் ஒரு கலை அறக்கட்டளையும் சேர்ந்து அவனை அனுப்பியிருந்தன. மக்களின் சுவர், மக்களின் முகம், மக்களின் கை என்று மக்களை இழுக்காமல் அவனுக்கு ஒரு வாக்கியம் முடியாது. தெரு அவனுக்குச் செவுத்துத் தம்பி என்று பேர் வைத்தது. பேர் வைப்பதில் இந்தத் தெரு யாருக்கும் குறை வைத்ததில்லை.

தையல்காரிக்கு வைத்த பேர் கண்ணடிக்காரி. அவள் யாரையும் பார்த்துக் கண்ணடித்தவள் இல்லை, பாவம். சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் எழுந்தபோது முகத்தின் இடது பக்கம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கோணிப்போன வாய் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. கண் ஆகவில்லை. முதலில் மூடவே மாட்டேன் என்றது, பிறகு திறக்கவே மாட்டேன் என்று பாதியில் சுருங்கி நின்றுவிட்டது. அன்றிலிருந்து எதிரே நிற்பவரைப் பார்த்து ஓயாமல் கண்ணடிப்பது போலத்தான் இருக்கும். அளவு கொடுக்க வருகிறவர்களுக்காக முன்னறையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அதற்கு முதுகு காட்டித்தான் அவள் மெஷினில் உட்காருவாள்.

செவுத்துத் தம்பிக்கு அந்த முகம்தான் வேண்டுமாம். அந்த முகத்தில் ஒரு கதை இருக்கிறதாம். தையல்காரி முடியாது என்றாள். அவன் போய்விட்டு மறுபடியும் வந்தான். வேறு முகமே தெருவில் இல்லையா, போ என்று விரட்டினாள். மூன்றாவது முறை வந்தபோது அவள் மெஷினை நிறுத்திவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். முகம் கோணுவதற்கு முன்னால் ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்தது. இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்து, கொஞ்சம் முறைப்பாகக்கூடப் பார்க்கும்.

"வயசு இப்ப இருக்கிறதைப் போட்டுக்கோ, நரையைப் போட்டுக்கோ, எனக்கொண்ணும் இல்லை. இடது கண்ணு மட்டும் இதுல இருக்கிற மாதிரி இருக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா எழுது, இல்லைன்னா எடத்தைக் காலி பண்ணு" என்றாள்.

அவன் நெஞ்சில் கைவைத்தான். சத்தியமாக அப்படியே செய்வதாகச் சொன்னான்.

அவளுக்கு வேறு ஆசை கிடையாது. பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள், இறங்கியதும் நிமிர்ந்து பார்க்கிறவர்கள், அவளை இரண்டு கண்ணும் உள்ளவளாக ஒரு தடவை பார்க்க வேண்டும். சாயம் உதிர்கிறவரைக்கும் பார்த்தால் போதும். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒத்துக்கொண்ட நாளிலிருந்து மெஷின் ஓட்டும்போது அவளிடமிருந்து மெல்லிசாக ஒரு முனகல் பாட்டு வந்துகொண்டிருந்தது. பின்னறையில் இருந்த அண்ணிக்கு அது கேட்டது.

இந்த அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தையல்காரியின் அண்ணன் மனைவி. அண்ணன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு வந்தாலும் தூங்குவதற்குத்தான் வருவான். ஆகவே வீடு என்பது இந்த இரண்டு பெண்கள்தான். அண்ணிக்கு நல்ல உயரம், எடுப்பான உடம்பு, நாக்கில் நரம்பு கிடையாது. துணி வாங்க வந்து காத்திருக்கிறவர்களிடம், "அவ ஒரு கண்ணுல தூங்கிக்கிட்டே இன்னொரு கண்ணுல தைப்பா, அதான் லேட்டாகுது" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். தையல்காரியும் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பாள். அந்தச் சிரிப்புகளை எல்லாம் அவள் ஒன்றுவிடாமல் உள்ளே சேர்த்துவைத்திருந்தாள்.

அதே அண்ணிதான் கண் மூடாமல் கிடந்த காலத்தில் தினமும் படுக்கும்முன் இமையை இழுத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டவள். இப்போதும் கண் காய்ந்துபோகாமல் இருக்கக் காலையிலும் மாலையிலும் சொட்டு மருந்து விடுகிறவள் அவள்தான். தையல்காரி கண்ணாடி பார்க்கமாட்டாளே, பிறகு யார் விடுவது? தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "அசையாதடி, உன் கண்ணைக் குத்திட்டு நான் ஜெயிலுக்குப் போகணுமா" என்று திட்டிக்கொண்டே விடுவாள். இதையெல்லாம் யாரும் சேர்த்துவைப்பதில்லை. தினம் நடக்கிறது அல்லவா, கணக்கில் வராது.

அண்ணியிடமும் ஒன்று இருந்தது. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு ஆபரேஷன் ஆனது. வயிற்றில் கட்டி என்று தெருவுக்குச் சொன்னார்கள். எடுத்தது வயிற்றில் இல்லை, வலது மார்பை. புருஷனுக்கும் நாத்தனாருக்கும் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. தழும்பில் உள்பாடிப் பட்டை பட்டால் தாங்கமாட்டாள் என்று, தையல்காரி அண்ணியின் ஒவ்வொரு சட்டையிலும் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தாள். அதில் பஞ்சு, பாரத்துக்குக் கொஞ்சம் அரிசி. பையின் வாயைக் கையாலேயே நுணுக்கமாகத் தைத்து மூடுவாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணி தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே தவிர யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அப்படிப்பட்ட கைதான் அவளுக்கு. தெருவில் எத்தனையோ பேரின் தாழ்ந்த தோளையும் கூன் முதுகையும் அவள் மடிப்புக்குள் ஒளித்துவைத்திருக்கிறாள், ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் மூச்சு விட்டதில்லை.

சுவர் வேலை இப்படி நடந்தது. முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு கட்டம் என்று மெல்லிய துணியில் கோடு போட்டுக் கொடுத்தான் செவுத்துத் தம்பி. கூடவே அந்தக் கட்டத்துக்கான படத் துண்டு, கிண்ணங்களில் சாயம். அவரவர் வீட்டில் வரைந்து கொடுக்க வேண்டும், கடைசியில் அவன் சாரம் கட்டி ஏறி எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவான். யாருக்கு என்ன கட்டம் என்று குலுக்கிப் போட்டதில் முடிதிருத்துகிறவருக்கு நெற்றி விழுந்தது. ஏறுமாறாக இருந்த நெற்றி முடியைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் அதை நேர்கோடாகச் சீர்செய்து வரைந்துவிட்டார். மளிகைக்கடைக்காரர் நரையே இல்லாமல் கருகருவென்று அப்பிவிட்டார். ஓவியன் அதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, இதுதான் மக்களின் கை என்று உருகினான். ஒன்றையும் மாற்றவில்லை.

அண்ணிக்கு விழுந்தது காது. இடது கண் விழுந்தது பேருந்துக் கண்டக்டர் வீட்டுக்கு. அண்ணி அன்றைக்கே அங்கே போய் உட்கார்ந்து, பேசி, மல்லுக்கட்டி, காதைக் கொடுத்துவிட்டுக் கண்ணை வாங்கிக்கொண்டு வந்தாள். செய்தி தையல்காரிக்கு மூன்று வாய் மாறி வந்து சேர்ந்தது. எதற்குக் கண்ணை வாங்கினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "காது வரைய என்னடி இருக்கு, பிஞ்ச செருப்பு மாதிரி" என்று அண்ணி மழுப்பிவிட்டாள். பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வரைந்தாள். எட்டிப் பார்க்கப் போனால் அடிக்க வந்தாள். வரைந்து முடித்ததும் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு களிப்பு. தையல்காரிக்கு அந்தக் களிப்பு பிடிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் கட்டங்கள் சுவரில் ஏறின. தாடை முதலில், பிறகு வாய், மூக்கு. ஒரு மத்தியானம் தெருவில் சலசலப்புக் கேட்டு, தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தாள். முகம் முழுசாகிவிட்டிருந்தது. அவள்தான், சந்தேகமே இல்லை, கப்பல் அளவுக்கு. நேராக வெட்டிய நெற்றி முடி, கருகருவென்ற தலை. அதற்குக் கீழே வலது கண் முழுசாகப் பார்த்தது. இடது கண் பாதி மூடிக்கொண்டு, இமை சுருங்கி, ஓரத்தில் நீர் கோர்த்து, வருகிற போகிற பேருந்துகளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பதிலுக்குக் கண்ணடித்தார்கள். யாரோ ஒருத்தன் விசிலடித்தான்.

அவள் சாரத்தடிக்கு நேரே போனாள். இது என்ன என்று கேட்டாள். செவுத்துத் தம்பி தூரிகையைத் துடைத்தான், தரையைப் பார்த்தான், மறுபடியும் துடைத்தான்.

"அந்தக் கட்டம் உங்க அண்ணிகிட்டதானேக்கா போச்சு" என்றான்.

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. போனது அங்கேதானே.

தையல்காரி விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். காதைக் கொடுத்துக் கண்ணை வாங்கியது இதற்குத்தானா? கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தது இதற்குத்தானா? வாய்க்கு எட்டின கேலியெல்லாம் போதாமல் இப்போது நாலு மாடி உயரத்துக்கு எழுதியும் வைத்துவிட்டாள். சேர்த்துவைத்திருந்த சிரிப்புகள் அத்தனையும் அவளுக்குள் ஒன்றாக எழுந்து நின்றன. வீட்டுக்கு வந்தவள் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் அரைமணி நேரத்தில் உண்மை வெளியே வந்திருக்கும். பாழாய்ப்போன வீம்பு, அதுதான் விடவில்லை. சாயங்காலம் சொட்டு மருந்தோடு அண்ணி வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள். அண்ணி மருந்துக் குப்பியை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். அதிசயமாக அவளும் ஒன்றும் பேசவில்லை.

விழாவுக்குக் கட்டம் வரைந்தவர்கள் எல்லோரும் ஒரே துணியில் சட்டை போட வேண்டும் என்பது செவுத்துத் தம்பியின் யோசனை. மஞ்சள் துணி வந்து இறங்கியிருந்தது. பெண்களுக்கான முழங்கால்வரை நீண்ட சட்டைகளைத் தைக்கிற வேலை தையல்காரிக்கு. தெருக்காரர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று. வீட்டு ஆள் துணி எப்போதும் கடைசியில்தான், எந்தத் தையல்காரர் வீட்டிலும் அப்படித்தான். அண்ணியின் சட்டை மட்டும் பாக்கி.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் உட்கார்ந்து அதை வெட்டினாள். வெட்டுமுன் கொஞ்சநேரம் ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தாள். பிறகு தயங்கவே இல்லை. இடது பக்கத்தை எப்போதும் போல வளைவு கொடுத்து வெட்டினாள். வலது பக்கத்துக்கு வளைவே கொடுக்கவில்லை, மார்புக்கு மடித்துத் தைக்கிற பிடிப்பு வைக்கவில்லை. பை வைக்கவில்லை, பையை அப்புறம் ஒட்டுப்போட்டாலும் நிற்காத அளவுக்குத் துணியை உடம்போடு ஒட்ட வெட்டினாள். தழும்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவள் கைக்குத் தெரியும், கட்டுப் பிரித்து மருந்து போட்ட கை. இவ்வளவு அழகாக அவள் எதையும் தைத்ததில்லை. இழை பிசகவில்லை. தைத்து, தேய்த்து, மடித்து, விழா அன்று கிளம்புகிற நேரம் பார்த்து அண்ணியின் கட்டில்மேல் வைத்துவிட்டு, தான் முன்னாடியே போய்விட்டாள்.

அண்ணி போடமாட்டாள் என்றுதான் அவள் நினைத்தாள். போட்டுப் பார்ப்பாள், புரிந்துகொள்வாள், அழுதுகொண்டு வீட்டிலேயே கிடப்பாள். எல்லோரும் மஞ்சளில் நிற்கும்போது அவள் மட்டும் இல்லாமல் போவாள். அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம்.

பேருந்து திரும்புமிடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நகரசபை அதிகாரிகள், அறக்கட்டளை அம்மா, படம் பிடிக்கிறவர், வெளியிலிருந்து வந்த கலை ரசிகர்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் சுவரடியில் வரிசையாக நின்றார்கள். அப்போது தெருவுக்கு நடுவில் அண்ணி வந்தாள்.

சட்டையைப் போட்டிருந்தாள். மேலே ஒரு சால்வை போட்டிருக்கலாம், ஒரு கைப்பையையாவது மார்போடு அணைத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு எப்போதும் நடக்கிற எடுப்பான நடை. ஒரு பக்கம் எப்போதும் போல. மறு பக்கம் பலகை. தெரு பார்த்தது. மளிகைக்கடைக்காரர் மனைவி வாயில் கைவைத்தாள். ஆண்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள், பிறகு மறுபடியும் பார்த்தார்கள். கண்டக்டர் பெண்டாட்டி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள், அது வரிசை முழுக்க ஓடியது. அண்ணி வந்து நேராக நாத்தனார் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தையல்காரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் செவுத்துத் தம்பி பேச ஆரம்பித்துவிட்டான். மக்கள், மக்கள் என்று கொஞ்சநேரம் போயிற்று. பிறகு பெரிய மனிதர்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான்.

"இதுல ஒரே ஒரு கட்டம்தான் நான் வரைஞ்சது. இடது கண்ணு. அதை முதல்ல வரைஞ்சவங்களுக்கு இவங்க மேல ரொம்பப் பிரியம். பிரியம் இருக்கே, அது பொய் சொல்லும். அவங்க வரைஞ்சது இதோ" என்று சொல்லி, சுருட்டியிருந்த துணியை எடுத்து, ஒரு முனையை அறக்கட்டளை அம்மாவிடம் கொடுத்து விரித்துப் பிடித்தான்.

ஒரு கண். முழுசாகத் திறந்த கண். கை பழகாதவள் வரைந்தது என்று தெரிந்தது, சாயம் இரண்டு இடத்தில் திட்டாகியிருந்தது. ஆனால் இமை மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்திருந்தாள். கீழ் இமையின் ஓரத்தில் கடுகளவு ஒரு மச்சம். அது அந்தப் பழைய போட்டோவில் தெரியாது. தினமும் கிட்டத்தில் குனிந்து பிளாஸ்திரி ஒட்டினவளுக்குத்தான் தெரியும்.

"அழகா இருக்கில்ல? ஆனா இது இவங்க இல்லை. ரொம்ப யோசிச்சேன். கடைசியில உண்மைதான் பெரிசுன்னு முடிவு பண்ணினேன்" என்றான் அவன். பெரிய மனிதர்கள் கைதட்டினார்கள். தெருவும் கூடவே தட்டியது.

அந்தச் சத்தத்துக்குள் அண்ணி குனிந்து அவள் காதோரம் பேசினாள்.

"ஏன்டா கண்ணை மாத்தினேன்னு அவன்கிட்டப் போய் நான் சண்டை போட்டேன். நீயே சம்மதிச்சுட்டேன்னு சொன்னான். அதான் வருத்தத்துல பேசாம இருக்கியாக்கும்னு நானும் விட்டுட்டேன். இன்னிக்கு சட்டையைப் பாத்தேன். ஒத்தையா நிக்கப் பயமா இருக்கு, நீங்களும் இருக்கிறபடியே வந்து கூட நில்லுங்கன்னு கூப்பிடுறே போலன்னு போட்டுக்கிட்டு வந்துட்டேன்டி."

தையல்காரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமாம் அண்ணி என்று ஒரே ஒரு பொய், அண்ணியின் வாழ்நாள் முழுக்கப் போதுமாக இருந்திருக்கும். வாயைத் திறந்தாள், வரவில்லை. முகத்தின் இடது பக்கம்தான் அவள் பேச்சைக் கேட்காது. வலது பக்கம் நன்றாகத்தான் இருந்தது, அது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது.

அண்ணி அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். வலது பக்கத்துத் தையலை விரலால் மேலிருந்து கீழே தடவினாள். இழை பிசகாத தையல். இதை யாரும் தெரியாமல் தைத்துவிட முடியாது, இரக்கத்தோடும் தைக்க முடியாது. விரல் கீழே வந்து சேர்ந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அழவில்லை. உதட்டை ஒருமுறை மடித்துக்கொண்டாள்.

அதற்குள் செவுத்துத் தம்பி ஓடி வந்துவிட்டான். அவன் கண் அண்ணியின் சட்டைமேல் நின்றது, பளபளத்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று. இப்படி ஒரு தைரியத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றான். அடுத்த தெருவில் இன்னொரு சுவர் இருக்கிறது, இதைவிடப் பெரியது, இடுப்புவரைக்கும் வரையலாம், அக்கா நிற்பார்களா என்று மூச்சுவிடாமல் கேட்டான்.

"நிக்கிறேன் தம்பி" என்றாள் அண்ணி. வலது பக்கத்தில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் காட்டினாள். "ஆனா இந்தக் கட்டத்தை மட்டும் என் நாத்தனார்தான் வரையணும். அவளுக்குத்தான் அளவு தெரியும்."

அவன் மெய்சிலிர்த்துப்போய் இரண்டு பேரையும் கும்பிட்டான். படம் பிடிக்கிறவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அண்ணி நாத்தனார் தோளில் கைபோட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

அதற்கப்புறமும் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பிட வா என்று அண்ணி கூப்பிடுகிறாள், தையல்காரி போய்ச் சாப்பிடுகிறாள், கண்ணைப் பற்றிய கேலி மட்டும் அடியோடு நின்றுபோயிற்று. வாசலைப் பார்த்து நின்ற ஆளுயரக் கண்ணாடி இப்போது மெஷின் பக்கம் திரும்பியிருக்கிறது. காலையிலும் மாலையிலும் தையல்காரி அதற்கு முன்னால் நின்று, தாடையைத் தானே பிடித்து நிமிர்த்தி, சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்கிறாள்.